1933-இல் ஏறிய சிகரம் எது? பழைய வரைபடங்களோடு கங்கோத்ரியில் ஓர் அடையாளத் தேடல்

1933-ஆம் ஆண்டு மார்கோ பாலிஸ் தலைமையில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று பிரிட்டனிலிருந்து கங்கோத்ரிக்கு வந்தது. அதில் இருந்த காலின் கிர்கஸ், சார்லஸ் வாரன் இருவரும் கடைசிக் கட்டத்தில் சுமைதூக்குபவர்கள் யாரும் இல்லாமல், கூடாரத்தையும் உணவையும் தாங்களே சுமந்து ஒரு சிகரத்தின் உச்சிக்குப் போய்த் திரும்பினார்கள். இமயமலையில் அந்தக் காலத்தில் பெரிய படையோடு முற்றுகையிடுவதுதான் வழக்கம். இரண்டே பேர் அப்படி ஏறியதை மலையேறிகள் இன்றும் மதிப்போடு பேசுகிறார்கள். அவர்கள் ஏறிய மலைக்கு எழுதிவைத்த பெயர் ‘மத்திய சதோபந்த்’.

இன்றைய வரைபடத்தில் சதோபந்த் என்று தேடினால் 7,075 மீட்டர் உயரமுள்ள ஒரு மலை கிடைக்கும். அதில் முதன்முதலாக மனிதர் ஏறியது 1947 ஆகஸ்ட் 1-ஆம் தேதி. ஏறியவர்கள் ஆந்த்ரே ரோஷ் இருந்த சுவிஸ் குழுவினர். அப்படியானால் 1933-இல் ஏறியது எந்த மலை? இரண்டு பதிவுகளுமே உண்மைதான். மலைதான் வேறு. கிர்கஸும் வாரனும் நின்ற உச்சியை இன்று பாகீரதி III என்கிறோம். உயரம் 6,454 மீட்டர்.

மலையேற்ற வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அந்த முடிவுக்கு எந்த வழியாக வந்து சேரலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கங்கோத்ரிப் பனியாற்றின் முனையான கோமுக்கிலோ, அதற்கு மேலே முகாமிடும் இடமான நந்தன்வனிலோ நின்றுகொண்டு, போனில் இருக்கும் பழைய வரைபடப் பிரதியை விரித்து, எதிரே தெரிவது எது என்று கேட்கும் எவருக்கும் இதே வழிதான் உதவும்.

கையில் இருப்பது எந்தக் காலத்துத் தாள்?

கங்கோத்ரிப் பக்கம் போகிறவர்களின் கையில் பழைய வரைபடம் இருப்பதற்குக் காரணம் உண்டு. கோமுக், சிவலிங் சிகரம், பாகீரதிச் சிகரங்கள் எல்லாம் சர்வே ஆஃப் இந்தியாவின் 53 N/1 என்ற டோப்போஷீட்டில் (நிலவுருவ வரைபடத் தாளில்) வருகின்றன. எல்லையை ஒட்டிய தாள்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. 2005-இல் வந்த வரைபடக் கொள்கையும் 2021-இன் புவியிடத் தரவு விதிகளும் நிலைமையைத் தளர்த்தின. ஆனாலும் அதற்கு முன்பே நம் மலையேற்ற வட்டத்தில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் அச்சிட்ட U502 வரிசைத் தாள்களை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்வார்கள். அளவு 1:250,000. அவை பெரும்பாலும் சர்வே ஆஃப் இந்தியாவின் இன்னும் பழைய தாள்களை வைத்துத் தொகுக்கப்பட்டவை. ஆக, 1950-களின் தாள் என்று நினைத்து நாம் பார்ப்பது அதற்கும் முந்தைய தலைமுறை கண்ட மலை.

இதனால்தான் பழைய வரைபடத்தைக் கையில் எடுத்தவுடன் மலையைத் தேடக்கூடாது, முதலில் தாளின் ஓரத்தைப் படிக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். அச்சிட்ட ஆண்டு ஒன்றாகவும் அளவெடுத்த ஆண்டு வேறொன்றாகவும் இருக்கும். நமக்கு வேண்டியது அளவெடுத்த ஆண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவையாளர்கள் பள்ளத்தாக்குகளிலும் எட்டக்கூடிய முகடுகளிலும் மேசைப்பலகை வைத்து வரைந்தார்கள். தூரத்துச் சிகரங்களின் உயரத்தையும் இடத்தையும் கோணமானியால் மிக நேர்த்தியாகக் கணக்கிட்டார்கள். ஆனால் ஒரு சிகரத்துக்கும் அடுத்த சிகரத்துக்கும் நடுவே மறைந்து கிடந்த பனியாறுகளுக்குள் அவர்கள் பெரும்பாலும் நுழையவில்லை. அந்த இடங்களை ஊகத்தால்தான் நிரப்பினார்கள். கங்கோத்ரி உள்ளிட்ட கட்வால் பகுதியை நவீன முறையில் மறுபடி அளந்தது 1930-களின் நடுவில், மேஜர் கார்டன் ஆஸ்மாஸ்டன் தலைமையில். பாலிஸ் குழு வந்துபோனது அதற்கு முன்னால்.

மதராஸ் தந்த பிழை

நூறாண்டுக்கு மேற்பட்ட இந்தியத் தாள்களில் இன்னொன்றையும் ஓரத்தில் பார்க்கலாம். தீர்க்கரேகைகள் மதராஸ் வானாய்வகத்தின் இடத்தை அடிப்படையாகக் கொண்டவை, இவ்வளவு கழித்துக்கொள்ளவும் என்று ஒரு குறிப்பு இருக்கும். வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைதான் வடக்கே நீண்டு இமயத்தைத் தொட்டது. அந்த வலைக்குக் கிழக்கு மேற்காக நங்கூரம் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகம். அதன் பழைய கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. மேலே தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் பார்க்க வேண்டிய தூண்.

பின்னாளில் தந்திக் கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மதராஸின் தீர்க்கரேகையை இரண்டு நிமிடத்துக்கும் மேல் (இங்கே நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கூட்டிக் கணக்கிட்டிருந்தது தெரியவந்தது. கங்கோத்ரி இருக்கும் 31 டிகிரி அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது சுமார் 1.6 கிலோமீட்டர். அப்படியானால் மிகப் பழைய தாளில் இருக்கும் தீர்க்கரேகையை எடுத்து ஜிபிஎஸ்ஸில் அப்படியே இட்டால் நாம் தேடும் சிகரம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளிப்போய், பனியாற்றின் மறு பக்கத்தில்கூட விழலாம்.

திருத்தம் சேர்த்த பிற்காலத் தாள்களிலும் சிறிய விலகல் மிச்சம் இருக்கும். அவை பூமியின் வடிவத்துக்கு அந்தக் காலத்தில் எடுத்துக்கொண்ட எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணித உருவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது WGS 84 என்ற வேறொன்று. இந்தப் பகுதியில் இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல், பெரும்பாலும் கிழக்கு மேற்கு வாக்கில், வித்தியாசம் வரும். 1:250,000 தாளில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 1:50,000 தாளில் கண்ணுக்குத் தெரியும்.

ஆறுதலான விஷயம், ஒரே தாளில் மலை, ஆறு, கோயில் எல்லாம் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. திசைகாட்டியால் ஒரு முகட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கோணம் பார்க்கிறவருக்கு இந்தப் பிழை குறுக்கே வராது. காந்த விலக்கமும், அதாவது திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடும், இங்கே ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான். அதனால் பழைய தாளோடு வேலை செய்யும்போது எண்களை விட்டுவிட்டுக் கோணங்களையும் வடிவங்களையும் பிடித்துக்கொள்வதே என் பழக்கம்.

மூன்றில் நடுவில் நிற்பது

இனி 1933 பதிவுக்கு வருவோம். குழு கோமுக்கைத் தாண்டிப் பிரதான கங்கோத்ரிப் பனியாற்றின் மேலேயே போனது. இது முதல் தடயம். இன்றைய சதோபந்த் சிகரத்துக்குப் போக நந்தன்வனில் கிழக்கே திரும்பி, சதுரங்கிப் பனியாற்றை ஒட்டி வாசுகி தால் என்ற ஏரி வரை போய், அதற்கப்பால் தெற்கே உள்ளே நுழைய வேண்டும். பிரதான பனியாற்றிலிருந்து அது எட்டாது. நடுவில் பாகீரதித் தொகுதியும் வாசுகி பர்பத்தும் (6,792 மீ) மறிக்கின்றன.

இரண்டாவது தடயம் ‘மத்திய’ என்ற அடைமொழி. மூன்று இருந்தால்தான் நடு என்று ஒன்று இருக்கும். கோமுக்குக்குக் கீழே உள்ள தங்குமிடமான போஜ்பாசாவிலிருந்து கோமுக் நோக்கி நடக்கும் யாரும் பள்ளத்தாக்கின் முனையில் வரிசையாக நிற்கும் மூன்று சிகரங்களைப் பார்த்திருப்பார்கள். அவைதான் பாகீரதிச் சிகரங்கள். அந்தக் காலக் குழுக்கள் அந்த மூன்றையும் சதோபந்த் சிகரங்கள் என்று அழைத்தன. மறு அளவைக்குப் பிறகு அவை பாகீரதி ஆயின. சதோபந்த் என்ற பெயர் கிழக்கே உள்ள உயரமான மலைக்கு உரியதானது. 1938-இல் ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ்க்ரூபர் தலைமையில் வந்த ஜெர்மன்–ஆஸ்திரியக் குழு ஏறிய சிகரம் பாகீரதி II என்ற பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. ஐந்தே ஆண்டில் பக்கத்துப் பக்கத்துச் சிகரங்கள் இரண்டு வேறு குடும்பப் பெயர்களோடு வரலாற்றில் ஏறிவிட்டன.

பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மூன்று சிகரங்களுக்கு I, II, III என்று எண் கொடுத்திருப்பதால் நடுவில் இருப்பது II என்று மனம் தானாக நினைத்துக்கொள்ளும். எண் உயர வரிசையில் வந்தது: I 6,856 மீட்டர், II 6,512 மீட்டர், III 6,454 மீட்டர். கோமுக் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாக நிற்பது II, III, I. மூன்றிலும் உயரம் குறைந்ததுதான் நடுவில் நிற்கிறது. மிக உயரமான I பள்ளத்தாக்கின் உள்ளே தள்ளி இருப்பதால் கீழிருந்து பார்ப்பவருக்குக் குட்டையாகத் தெரியும். உயரத்தை நம்பிப் பெயர் வைத்தால் தலைகீழாகப் போய்விடும்.

எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாமல் பாகீரதி III-ஐக் காட்டிக்கொடுப்பது அதன் கல். மேற்கு முகம் பனியாற்றிலிருந்து நேராக எழும் வெளிர் கிரானைட் சுவர். மாலை வெயிலில் மஞ்சள் ஏறிவிடும். அந்தச் சுவர் உச்சி வரை போகாது. மேலே போகப் போக ஓர் இடத்தில் சட்டென்று நின்று, அதற்கு மேல் கறுத்த, உதிரும் ஷேல் பாறை ஆரம்பிக்கிறது. வெளிர் சுவரின் மேல் கறுப்புத் தொப்பி. 1980-களிலிருந்து அந்தச் சுவரில் ஏறியவர்கள் எல்லோரும் கீழே கிரானைட்டைப் புகழ்ந்து, மேலே ஷேலில் கை வைக்கப் பயந்திருக்கிறார்கள். பனி அதிகமான ஆண்டோ குறைந்த ஆண்டோ, இந்த நிற எல்லை மாறுவதில்லை. அதனால் பழைய கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் இன்று போனில் எடுத்த படமாக இருந்தாலும், முதலில் தேட வேண்டியது அதைத்தான். வரைபடம் எதிலும் இது இருக்காது.

பெயர்க் குழப்பம் சதோபந்த்தோடு முடிந்துவிடவில்லை. சதோபந்த் பனியாறும் சதோபந்த் தாலும் சதோபந்த் சிகரத்தின் அடியில் இல்லை. அவை நீர்பிரி முகட்டுக்கு மறு பக்கம், பத்ரிநாத், மாணா தாண்டி, சௌகம்பாவின் (7,138 மீ) காலடியில் கிடக்கின்றன. அவற்றின் நீர் அலக்நந்தாவுக்குப் போகிறது. அருகிலேயே உள்ள பகீரத் கரக் என்ற பனியாறும் பெயரைப் பார்த்தால் பாகீரதிக்கு உரியது போலத் தோன்றும், அதுவும் அலக்நந்தாவுக்கே. சௌகம்பாவையே பழைய பதிவுகள் பத்ரிநாத் சிகரம் என்று எழுதின. கேதார்நாத் சிகரமும் (6,940 மீ) கேதார் டோமும் (6,831 மீ) ஒரே முகட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. பழைய எழுத்துகளைப் படிக்கும்போது எது எது என்று நின்று பார்த்துத்தான் நகர வேண்டும்.

இந்தப் பகுதியில் ஒருவருடைய குறிப்பைப் படித்து வழி தீர்மானிக்கும் யாரும், பெயரை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பனியாற்றிலிருந்து ஏறினார்கள், எந்தப் பக்கம் தண்ணீர் வடிகிறது, பக்கத்தில் என்ன நின்றது என்ற மூன்றையும் கேட்டால் பெயர் தானாக விழும்.

டிரேசிங் பேப்பர் சோதனை

நான் செய்யும் முறை எளியது. பழைய தாளை அச்செடுத்து, அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து முகட்டுக் கோடுகளை மட்டும் பென்சிலால் வரைவேன். சிகரப் பெயர் எழுதுவதில்லை. பனியாறுகளையும் விட்டுவிடுவேன். முகடுகள் பிரியும் இடங்களை மட்டும் சிறு புள்ளியாக வைப்பேன். பிறகு அதே அளவுக்குக் கொண்டுவந்த செயற்கைக்கோள் படத்தின் மேல் இதை வைத்து நகர்த்தினால், கோமுக்கிலிருந்து நந்தன்வன் வரைக்குமான பிரதான பள்ளத்தாக்கு சீக்கிரமே பொருந்தும். சிவலிங் முகடும் பொருந்தும். உள்ளே போகப் போக, பக்கப் பனியாறுகளின் தலைப்பகுதிகளில், கோடுகள் விலகத் தொடங்கும். அந்த விலகல் எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் அளவையாளர் நேரில் போகாத இடம். அதற்கப்பால் அந்தத் தாள் சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை.

நில உயரத் தரவை வைத்து எதிரே தெரியும் மலைவரிசையை வரைந்துகாட்டும் போன் செயலிகள் இருக்கின்றன. முகட்டின் நிழலுருவத்தை நன்றாகவே தருகின்றன. ஆனால் உருவத்தின் மேல் ஒட்டும் பெயர் வேறொரு பட்டியலிலிருந்து வருகிறது. யாரோ பழைய தாளைப் பார்த்து அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தால் பழைய பிழையே புதிய திரையில் வரும். உருவத்துக்குச் செயலி, பெயருக்கு வேறு சான்று என்று பிரித்துக்கொள்வது நல்லது.

உருவமும் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அடிவாரப் புல்வெளியான தபோவனிலிருந்து பார்த்தால் சிவலிங் (6,543 மீ) ஒற்றைக் கூம்பு. உண்மையில் அதற்கு இரண்டு உச்சிகள் உண்டு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் பிரிந்து தெரியும். ஒரு படத்தில் ஒற்றையாகவும் மற்றதில் இரட்டையாகவும் இருப்பதால் இரண்டும் வெவ்வேறு மலை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பனியாறுகள்: தாளில் இருக்கும், தரையில் இருக்காது

சிகரங்களில் மாறியது பெயர் மட்டும். பனியாறுகளில் மாறியது பொருளே. கங்கோத்ரிப் பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளமானது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜே. பி. ஆடன் 1935-இல் கோமுக்கை அளந்து வரைபடமாக்கினார். இதே நிறுவனத்தின் ஜங்பாங்கி 1956-இல் மறுபடி வந்து ஒப்பிட்டார். பிறகும் அளவீடுகள் தொடர்ந்தன. 1935 முதல் 1996 வரை பனியாற்றின் முகம் 1,147 மீட்டர் பின்வாங்கியதாக அவை காட்டுகின்றன. சராசரியாக ஆண்டுக்கு 19 மீட்டர். 1:250,000 தாளில் இது 4.6 மில்லிமீட்டர்தான், எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடும். 1:50,000 தாளில் 23 மில்லிமீட்டர். தரையில் அது உருண்டைக் கற்களின் மேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை.

ஒரு கணிசமான சிக்கல், இங்கே பனியாறு வெள்ளையாக இல்லை. கீழ்ப்பகுதி முழுவதும் பாறையும் மண்ணும் மூடியிருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் அது பக்கத்து மலைச்சரிவின் நிறத்திலேயே தெரியும். முதல் முறை போகிறவர்கள் பனியாற்றின் மேல் நடந்துகொண்டே பனியாறு எங்கே என்று கேட்பதுண்டு. குகை வாயில் அருகே இடிந்த சுவரில் மட்டும்தான் நீலமும் சாம்பலும் கலந்த பனி வெளியே தெரியும். பழைய தாளின் நீலக் கோடுகளை வெள்ளைப் பரப்போடு பொருத்தத் தேடினால் உண்மையான முனைக்குப் பல கிலோமீட்டர் மேலே போய் நிற்போம். தேட வேண்டியது இரு பக்கமும் கரை போல் ஓடும் மொரைன் மேடுகளை, அதாவது பனியாறு தள்ளிக் குவித்த கல்மண் மேடுகளை. பனி தணிந்து உள்வாங்கிவிட்டாலும் மேடுகள் பழைய உயரத்திலேயே நிற்கின்றன. பழைய தாளில் பனியின் விளிம்பு என்று வரைந்திருப்பது பல இடங்களில் இன்றைய மொரைன் உச்சியோடு பொருந்திப்போகும். அப்படிப் பொருந்தினால் தாள் சரி, காலம்தான் கடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடையாளம் காண்பதில் பெரிய வேறுபாடு தெரிவது சதுரங்கியில். பழைய தாள்களில் அது நந்தன்வனுக்கு வடக்கே கங்கோத்ரிப் பனியாற்றில் கலக்கும் கிளை. இரண்டும் ஒரே நீலப் பரப்பாக வரைந்திருக்கும். இன்று சதுரங்கியின் முனை உள்ளே பின்வாங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே கல்லும் மண்ணும் நீரோடையும்தான். பழைய தாளை வைத்துக்கொண்டு சங்கமத்தைத் தேடுபவர், பனி இல்லாத அந்த வாயைச் சாதாரண ஓடைப் பள்ளம் என்று நினைத்துக் கடந்துவிடுவார். அதற்கு வடக்கே உள்ள ரக்தவர்ண் பனியாற்றைச் சதுரங்கி என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. அப்படி ஒரு பள்ளத்தாக்கு தவறினால் வாசுகி தால் வழியும் காளிந்தி கால் கணவாய் (5,947 மீ) வழியும் அடியோடு தவறும். இந்த இடத்தில் நான் ஐஸைப் பார்ப்பதே இல்லை. பாகீரதி II-இன் வடக்கு அடிவாரம் எங்கே முடிகிறதோ, அதை ஒட்டிக் கிழக்கே திறக்கும் பெரிய பள்ளத்தாக்குதான் சதுரங்கி. சிகரத்தைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டால் பனியாறும் கிடைத்துவிடும்.

வழித்தடங்களும் பனியோடு மாறியிருக்கின்றன. கங்கோத்ரிக் கோயிலிலிருந்து சிர்பாசா 9 கிலோமீட்டர், போஜ்பாசா 14, கோமுக் 18 என்று ஆற்றின் வலக்கரையிலேயே போகும் பாதை பழைய தாள்களிலும் உண்டு. முன்பெல்லாம் கோமுக்குக்குச் சற்று மேலே பனியாற்றின் மீதே குறுக்காகக் கடந்து தபோவன் பக்கம் ஏறுவார்கள். 2017 ஜூலை மழையில் மேரு மலைப் பக்கத்திலிருந்து இறங்கிய பாறைச்சேறு கோமுக்கின் முன்பகுதியை நிரப்பிவிட்டது. நீரோட்டமே இடம் மாறியது. அதற்குப் பிறகு பல குழுக்கள் போஜ்பாசாவிலேயே கம்பியில் ஓடும் தொட்டியில் ஆற்றைக் கடந்து, இடக்கரை வழியாகத் தபோவனுக்குப் போகின்றன. எந்த அச்சுத் தாளிலும் இது இல்லை. தபோவனிலிருந்து நந்தன்வனுக்குப் பனியாற்றைக் குறுக்கே கடக்கும் தடமும் பருவத்துக்குப் பருவம் நகர்கிறது. பிளவுகள் திறக்கும், கல்வரிசைக் குறிகள் சரியும். அந்த வழியை போஜ்பாசாவில் அந்த வாரம் மேலிருந்து இறங்கி வந்த வழிகாட்டிகளிடமும் சுமைதூக்கும் அண்ணன்மார்களிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் 53 N/1 பிரதியில் 1935 முனைக் கோட்டை ஒரு நிறத்தில் அப்படியே விட்டுவைத்து, பிற்கால முனைகளை வேறு நிறங்களில் ஆண்டு எழுதிக் குறித்திருக்கிறேன். சிகரங்களில் புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயரையும் அது யாருடைய பதிவில் வருகிறது என்பதையும் எழுதிவிடுவேன். சதுரங்கியின் பழைய சங்கமத்தைப் புள்ளிக்கோடாக மாற்றியிருக்கிறேன். காளிந்தி கால் பக்கம் போகத் திட்டமிடுபவர்கள் கேட்டால் அந்தத் தாளைத்தான் நகலெடுத்துக் கொடுக்கிறேன், பனியின் மேல் போகும் தடங்களை மட்டும் அதில் வரையாமல்.